செராமிக் கோட்டிங்கா, தகர ஷெட்டா? புது கார் பெயிண்டை எதுலயிருந்து காப்பாத்தப் போறோம்?

(எபிசோடில் பேசியதன் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சுருக்கப்பட்டுள்ளது.)

கொஞ்ச நாளா இன்பாக்ஸ்ல ஒரே மாதிரிக் கேள்விதான் வந்துகிட்டே இருக்கு. "புது கார் புக் பண்ணியிருக்கேன். செராமிக் போடலாமா, பிபிஎஃப் போடலாமா, டெஃப்லானே போதுமா?" சிலர் பிராண்ட் பேரோட கேக்குறாங்க. சிலர் ஷோரூம்ல கொடுத்த விலைப்பட்டியலை போட்டோ எடுத்து அனுப்புறாங்க.

எல்லாருக்கும் நான் திருப்பிக் கேக்குறது ஒரே கேள்விதான். உங்க கார் ராத்திரி எங்க நிக்கும், பகல்ல எங்க நிக்கும்?

கிண்டலுக்குக் கேக்கல. பெயிண்டைக் காப்பாத்துற எந்தப் பொருளும் எல்லாத்துலயிருந்தும் காப்பாத்தாது. ஒண்ணு கல்லைத் தடுக்கும், ஒண்ணு அழுக்கு ஒட்டாம பாத்துக்கும், ஒண்ணு சும்மா பளபளக்கும். உங்க காருக்கு எதிரி யாருன்னு தெரியாம பொருள் வாங்குறது, என்ன நோய்னு பாக்காம மாத்திரை வாங்குற மாதிரி. இன்னிக்கு ஒரு நிஜக் காரை வச்சு இதைப் பேசலாம். என் அக்காவோட கார். ஊர் எலவனாசூர்கோட்டை.

தெரியாதவங்களுக்கு: சென்னையிலிருந்து திருச்சி போற வழியில, உளுந்தூர்பேட்டையில சேலம் ரோடு பிடிச்சா கொஞ்ச தூரத்துல வர்ற ஊர். 2019-ல விழுப்புரத்துலயிருந்து பிரிஞ்ச கள்ளக்குறிச்சி மாவட்டம். மேற்கே போகப் போக கல்வராயன் மலை. இந்தப் பக்கம் சமவெளி, கரும்பு, நெல், உளுந்து, நல்ல வெயில், நிறைய புழுதி. சென்னை அபார்ட்மென்ட்ல கவர்டு பார்க்கிங்ல நிக்கிற காருக்கு எழுதின யூடியூப் அட்வைஸ் இங்க அப்படியே பொருந்தாது.

அந்தப் பேக்கேஜ்

அக்காவுக்கு கள்ளக்குறிச்சியில வேலை. பல வருஷமா பஸ். ரொம்ப யோசிச்சு, ஏழு வருஷ லோன்ல ஒரு ஹேட்ச்பேக் புக் பண்ணாங்க. அடர் நீலம். எங்க வீட்டுக்கு வர்ற முதல் கார். டெலிவரிக்கு நாலு நாள் முன்னாடி ஷோரூம்லயிருந்து போன். "மேடம், பெயிண்ட் ப்ரொடெக்‌ஷன் பேக்கேஜ் ஒண்ணு இருக்கு. லோன்லயே சேர்த்துடலாம், உங்களுக்குத் தெரியவே தெரியாது."

அக்கா எனக்கு போன் பண்ணி, "தம்பி, இது கட்டாயமாடா? போடலன்னா பெயிண்ட் போயிடும்னு சொல்றாங்களே"ன்னு கேட்டாங்க. பட்டியலை அனுப்பச் சொன்னேன். செராமிக் கோட்டிங் 28,000. அண்டர்பாடி ஆன்டி ரஸ்ட் 6,500. உள்பக்க ட்ரீட்மென்ட் 4,500. சைலன்சர் கோட்டிங் 3,000. மொத்தம் 42,000 ரூபாய்.

"தெரியவே தெரியாது"ங்கிற வார்த்தையை முதல்ல கணக்கு போட்டுப் பார்ப்போம். 42,000 ரூபாயை 9.5 சதவீத வட்டியில ஏழு வருஷ லோன்ல சேர்த்தா, மாச இஎம்ஐ 690 ரூபாய்க்குப் பக்கத்துல ஏறும். 84 மாசம் கட்டி முடிக்கும்போது கொடுத்தது கிட்டத்தட்ட 57,700 ரூபாய். அந்த செராமிக் கோட்டிங், நல்லாப் பராமரிச்சா, ரெண்டு மூணு வருஷம் உருப்படியா வேலை செய்யும். கோட்டிங் போன பிறகும் நாலு வருஷம் அதுக்கு வட்டி கட்டிக்கிட்டு இருப்போம். அதனால முதல் விதி: எந்தப் பாதுகாப்புப் பொருளையும் லோன்ல சேர்க்காதீங்க. கையில காசு இருக்கும்போது, வெளியில தனியா வாங்குங்க. டெலிவரி அன்னிக்கே முடிவு பண்ணணும்னு எந்த அவசரமும் கிடையாது.

"புதுப் பெயிண்ட் காயுற வரைக்கும் மூணு மாசம் எதுவும் போடக்கூடாது"ன்னு இதுக்கு நேர் எதிரா ஒரு பேச்சும் இருக்கு. அது பட்டறையில ரீபெயிண்ட் பண்ண காருக்கு. ஃபேக்டரியில பெயிண்டை 140 டிகிரி செல்சியஸ் அளவுல அடுப்புக்குள்ள வச்சு சுட்டு எடுக்குறாங்க. கார் வெளியே வரும்போதே பெயிண்ட் இறுகித்தான் இருக்கும். ஆக, உடனே போடணும்ங்கிற கட்டாயமும் இல்ல, மூணு மாசம் காத்திருக்கணும்ங்கிற கட்டாயமும் இல்ல.

பெயிண்ட் எவ்வளவு தடிமன்?

நாம காப்பாத்தப் போற பொருள் என்னன்னு பார்த்துடுவோம். காரின் மேல் இருப்பது ஒரே அடுக்கு இல்ல, நாலு. தகடு துருப்பிடிக்காம இருக்க, முழு பாடியையும் பெரிய தொட்டியில முக்கி மின்சாரம் பாய்ச்சி ஒட்டவைக்கிற ஒரு அடுக்கு, சுமார் 20 மைக்ரான். அதுக்கு மேல பிரைமர், 30 மைக்ரான் சுமார். அப்புறம் நம்ம கண்ணுக்குத் தெரியுற நிறம், வெறும் 15, 20 மைக்ரான். எல்லாத்துக்கும் மேல கண்ணாடி மாதிரி கிளியர் கோட், 40லயிருந்து 50 மைக்ரான்.

ஆயிரம் மைக்ரான் சேர்ந்தா ஒரு மில்லிமீட்டர். மத்திய அரசு 2022 டிசம்பர் 31-லயிருந்து 120 மைக்ரானுக்குக் குறைவான பிளாஸ்டிக் கேரி பேக் கூடாதுன்னு சட்டம் போட்டது ஞாபகம் இருக்கா? உங்க காரோட நாலு அடுக்குப் பெயிண்டும் சேர்த்து ஏறக்குறைய அந்த ஒரு பையோட தடிமன்தான். அதுல கிளியர் கோட் மட்டும் ஒரு தலைமுடியைவிட மெலிசு.

பளபளப்பு, வெயிலைத் தாங்குற சக்தி எல்லாம் இந்தக் கிளியர் கோட்லதான் இருக்கு. புற ஊதாக் கதிரை உறிஞ்சுற ரசாயனத்தை ஃபேக்டரியிலயே இதுல கலந்திருப்பாங்க. பல வருஷம் வெட்டவெளியில நின்ன கார்ல ரூஃபும் பானெட்டும் மட்டும் திட்டுத்திட்டா வெளுத்து உரிஞ்சிருக்கும், பார்த்திருப்பீங்க. கிளியர் கோட் செத்துப்போனதோட அடையாளம் அது. ஒருமுறை உரிய ஆரம்பிச்சா எந்தக் கோட்டிங்கும் காப்பாத்தாது, ரீபெயிண்ட்தான்.

இதுலயிருந்து ரெண்டாவது விதி வருது. கீறலைப் போக்க பட்டறையில "ரப்பிங் போட்டு பாலிஷ் பண்ணித் தர்றோம்"னு சொல்லுவாங்க. ரப்பிங்னா கீறலை அடைக்கிறது இல்ல, கீறலோட ஆழம் வரைக்கும் சுத்தியிருக்கிற கிளியர் கோட்டைச் சீவி எடுக்கிறது. கைவசம் இருக்கிறதே 40, 50 மைக்ரான். ஒவ்வொரு ரப்பிங்கும் அதுலயிருந்து கொஞ்சம் எடுக்குது. கார் ஆயுசுல ரெண்டு மூணு தடவைக்கு மேல அந்தக் காசை எடுத்துச் செலவழிக்க முடியாதுன்னு வச்சுக்கோங்க.

எலவனாசூர்கோட்டையில எதிரி யாரு?

அக்கா வீட்டு வாசல்ல ஒரு வேப்பமரம், பக்கத்து வீட்டு மாமரக் கிளை ஒண்ணு எட்டிப் பார்க்கும். போர்டிகோ கிடையாது. கார் அந்த வேப்பமர நிழல்லதான் நிக்கப் போகுதுன்னு ஏற்கெனவே முடிவாகியிருந்தது. நானும் அக்காவும் போன்லயே ஒரு பட்டியல் போட்டோம்.

முதல் எதிரி, வெயிலும் காக்காவும் சேர்ந்த கூட்டணி. தனித்தனியா ரெண்டையும் கிளியர் கோட் ஓரளவு தாங்கும். மே மாச வெயில்ல அடர் நிறக் காரோட பானெட் 70 டிகிரியைத் தொடும். அந்தச் சூட்டில கிளியர் கோட் லேசா இளகி விரியும். அதுமேல பறவை எச்சம் காய்ஞ்சு இறுகிக் கிடந்தா, சாயங்காலம் பெயிண்ட் ஆறிச் சுருங்கும்போது அந்த எச்சத்தோட அச்சிலேயே உறைஞ்சு போகும். கழுவின பிறகும் ஒரு மங்கல் தழும்பு தெரியுதே, அது இதுதான். எச்சத்துல இருக்கிற அமிலமும் தன் பங்குக்கு அரிக்கும். மரத்தடியில நிறுத்தினா வெயில் குறையும், காக்கா கூடும். மாமரம் பூக்குற காலத்துல தத்துப்பூச்சி விடுற தேன் மாதிரிப் பிசுபிசுப்பு வேற. வேப்பமரம் பிசினும் பூவும் கொட்டும்.

ரெண்டாவது எதிரி, புழுதி. இந்தப் பக்கத்து செம்மண்ல குவார்ட்ஸ் மணல் கலந்திருக்கும். கனிமங்களோட கடினத்தை அளக்கிற மோஸ் அளவுகோல்ல குவார்ட்ஸ் 7. ஜன்னல் கண்ணாடியே சுமார் 5.5-தான், கிளியர் கோட் அதைவிட ரொம்ப மென்மை. அறுவடைக் காலத்துல ரோட்டோரம் களம் அடிச்சு உமியும் தூசியும் பறக்கும். புழுதி பெயிண்ட் மேல சும்மா படிஞ்சு கிடந்தா ஒண்ணும் ஆகாது. காஞ்ச துணியை எடுத்து நாம துடைக்கிறோம் பாருங்க, அப்பதான் ஆகுது. தினமும் காலையில பாசத்தோட தூசி தட்டுறவங்க காருலதான் வெயில்ல பார்த்தா சிலந்திவலை மாதிரி வட்ட வட்டமாக் கீறல் தெரியும்.

மூணாவது, போர் தண்ணி. எங்க பக்கம் பாறை நிலம். போர் தண்ணி காய்ச்சுற பாத்திரத்துல வெள்ளையா உப்புப் படியுறதை எல்லா வீட்லயும் பார்க்கலாம். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயப்படி லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரைக்கும் கரைஞ்ச உப்பு இருக்கலாம். உங்க வீட்டுப் போர் 600 காட்டுதுன்னு வச்சுக்கோங்க. ஒரு 15 லிட்டர் பக்கெட்ல 9 கிராம் உப்பு. வெயில்ல கழுவி அப்படியே விட்டா, தண்ணி ஆவியாகும், சொட்டு காய்ஞ்ச இடத்துல சுண்ணாம்பு வட்டம் நிக்கும். நாளாக நாளாக அது பெயிண்ட்டையும் கண்ணாடியையும் பிடிச்சுக்கும்.

நாலாவது, கல். நெடுஞ்சாலையில முன்னாடி போற லாரி டயர்லயிருந்து தெறிக்கிற சின்னக் கல். கரும்பு சீசன்ல மூங்கில்துறைப்பட்டு, கச்சிராயபாளையம் சர்க்கரை ஆலைகளுக்குப் போற டிராக்டர்களைப் பின்தொடர்ந்தா சோகையும் மண்ணும் மேல விழும். பாதிக்கிறது பம்பர், பானெட்டோட முன் விளிம்பு, சைடு மிர்ரர்.

இந்த லிஸ்ட்ல கடல் உப்புக் காத்து இல்ல, கவனிச்சீங்களா? நாகப்பட்டினத்துலயோ ராமேஸ்வரத்துலயோ இருந்தா அண்டர்பாடி கோட்டிங்கை யோசிச்சிருப்பேன். கடல்லயிருந்து இவ்வளவு உள்ளே, அதுவும் புதுக் காருக்கு, அந்த 6,500-ஐயும் சைலன்சரோட 3,000-ஐயும் அங்கேயே அடிச்சுட்டோம். சீட்டை ஈரத்துணியால துடைச்சுக்கலாம்னு 4,500-ம் போச்சு. மிச்சம் இருந்தது 28,000 ரூபாய் செராமிக்.

எந்தப் பொருள் எதைத் தடுக்கும்?

வேக்ஸ்: நல்ல வேக்ஸ்ல இருக்கிறது கார்னுபா. பிரேசில் நாட்டுப் பனை வகை ஒண்ணோட ஓலையிலயிருந்து எடுக்கிற மெழுகு. மினுமினுப்பு அருமையா இருக்கும். ஆனா நம்ம வெயிலுக்கும் ஷாம்புக்கும் சில வாரம் தாங்கினாலே அதிகம். அழகுக்கு சரி, காவலுக்குப் பத்தாது.

சீலன்ட்: செயற்கை பாலிமர். ஸ்ப்ரேயாவோ திரவமாவோ கிடைக்கும். கழுவின கார் மேல தடவித் துடைச்சா போதும், நீங்களே பண்ணலாம். மூணு நாலு மாசம் தண்ணியும் அழுக்கும் ஒட்டாம வழுக்கி விடும். எச்சம் விழுந்தா சுலபமா வந்துடும். சில நூறு ரூபாய் பாட்டில் ஒரு வருஷத்துக்கு மேல வரும். கொடுக்கிற காசுக்கு அதிகம் உழைக்கிறது இதுதான்.

டெஃப்லான்: பேரைக் கேட்டதும் தோசைக்கல் ஞாபகம் வரும், அதை வச்சுத்தான் விக்கிறாங்க. டெஃப்லான்ங்கிற பிடிஎஃப்இ 327 டிகிரியிலதான் உருகும். தோசைக்கல்லுல அதைவிட அதிகச் சூட்டில சுட்டுத்தான் ஒட்டவைக்கிறாங்க. உங்க கார் மேல கையால தேய்க்கும்போது அந்த மாதிரி ஒட்ட வாய்ப்பே இல்ல. ஷோரூம் டெஃப்லான் கோட்டிங்னா பெரும்பாலும் ஒரு சாதாரண சீலன்ட், பெரிய விலையில.

செராமிக்: இது பொய் இல்ல, நல்ல பொருள்தான். சிலிக்கா சார்ந்த திரவம், கிளியர் கோட் மேல ரசாயனமா ஒட்டி இறுகும். தண்ணி முத்து முத்தா உருண்டு ஓடும், கழுவுறது சுலபம், ரசாயனத்தை சீலன்ட்டைவிட நல்லாத் தாங்கும். ஆனா அதோட தடிமன் பொதுவா ஒண்ணு ரெண்டு மைக்ரான். கல்லைத் தடுக்காது. காஞ்ச துணியில புழுதியோட தேய்ச்சா கீறலையும் தடுக்காது.

"9ஹெச் கடினம் சார், வைரம் மாதிரி"ம்பாங்க. அந்த 9ஹெச் பென்சில் கணக்கு. நாம வரையுற ஹெச், ஹெச்பி பென்சில் இருக்குல்ல, அதுல ரொம்பக் கடினமான 9ஹெச் பென்சிலால அழுத்தித் தள்ளினாலும் கோட்டிங்ல கீறல் விழலன்னு அர்த்தம். பென்சில் முனையில இருக்கிறது கிராஃபைட்டும் களிமண்ணும். ரோட்டுப் புழுதியில இருக்கிறது குவார்ட்ஸ். எலவனாசூர்கோட்டையில யாரும் பென்சிலால கார் துடைக்கிறது இல்ல.

இன்னொரு விஷயம். செராமிக் மேல தண்ணி முத்து முத்தா நிக்கும்னு சொன்னேன். மழைத் தண்ணின்னா அழகு. போர் தண்ணின்னா, ஒவ்வொரு முத்தும் காய்ஞ்சு ஒரு சுண்ணாம்பு வட்டம். துடைக்காம விட்டா, கோட்டிங் போட்ட காருல கறை இன்னும் பளிச்சுன்னு தெரியும்.

வாரன்டி கார்டோட பின்பக்கத்தையும் அக்காவைப் படிக்கச் சொன்னேன். அஞ்சு வருஷ வாரன்டி. நிபந்தனை: வருஷாவருஷம் அவங்க சென்டர்ல பணம் கட்டிப் பராமரிப்பு. பறவை எச்சம், கல் தெறிப்பு, தண்ணிக் கறை இதுக்கெல்லாம் பொறுப்பில்லை. அவங்க சொன்ன சென்டர் சேலத்துல. வீட்லயிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல. "அப்ப எதுக்குதான்டா வாரன்டி?"ன்னு அக்கா கேட்டாங்க. நல்ல கேள்வி.

பிபிஎஃப்: பெயிண்ட் ப்ரொடெக்‌ஷன் ஃபிலிம். பாலியூரித்தேன் பிளாஸ்டிக் படலம், 150லயிருந்து 200 மைக்ரான். உங்க மொத்தப் பெயிண்ட்டைவிடத் தடிமன். வியட்நாம் போர்க் காலத்துல அமெரிக்க ஹெலிகாப்டர்களோட சுழலும் இறக்கையை மணல்லயிருந்தும் கல்லுலயிருந்தும் காப்பாத்தத் தொடங்கின வகைப் பொருள். கல்லை உண்மையிலேயே தடுக்கிறது இது ஒண்ணுதான். மேலாப்புலக் கீறல் வெயில் சூட்டுல தானா மறையும். முழுக் காருக்கும் போட்டா சின்னக் காருக்கே லட்சத்தை நெருங்கலாம். மலிவான ஃபிலிம் சில வருஷத்துல மஞ்சளாகும். ஆனா முழுக் காருக்கும் போடணும்னு யார் சொன்னா? கல் அடிக்கிறது முன்பக்கம்தான். பம்பர், மிர்ரர், கதவுக் கைப்பிடிக்குள்ள நகம் படுற குழி, கதவு விளிம்பு. அது மட்டும் போட்டா செலவு ஒரு சின்னப் பங்கு.

அக்கா என்ன வாங்கினாங்க?

லிஸ்ட்டைப் பக்கத்துல வச்சுப் பார்த்தா பதில் தானா வந்துச்சு. முதல் எதிரி வெயிலும் காக்காவும். அதைத் தடுக்கிறது எந்த பாட்டில்லயும் இல்ல. அது ஒரு கூரை.

மாமா உள்ளூர் வெல்டிங் பட்டறையில பேசினார். இரும்புக் குழாய்க் கால், மேல கலர் ஷீட், ஒரு கார் நிக்கிற அளவு. 26,500 ரூபாய். வேப்பமரத்தைத் தாண்டி, மாமரக் கிளைக்கும் எட்டாத இடத்துல. பக்கெட்டும் துணியும் ஷாம்பும் சீலன்ட்டும் சேர்த்து 2,300. மொத்தம் 28,800. செராமிக்குக்கு மட்டும் கேட்ட காசுக்கு 800 ரூபாய் கூட. கடன் இல்லாம, சேமிப்புலயிருந்து. அந்த ஷெட் இந்தக் காரையும் பார்க்கும், அடுத்த காரையும் பார்க்கும். பம்பர் ஃபிலிமை அடுத்த போனஸுக்குத் தள்ளி வச்சுட்டாங்க.

"சொந்த வீடு இருக்கு, ஷெட் போட்டாங்க. நான் வாடகை வீடு ப்ரோ"ன்னு கேப்பீங்க. நாத்துப்பண்ணையில போடுற பச்சை ஷேட் நெட் விவசாயப் பொருள் கடையில மீட்டர் கணக்குல கிடைக்கும். நாலு குழாய் நட்டு இழுத்துக் கட்டலாம், வீடு மாறும்போது கழட்டிக்கலாம். வெயிலையும் எச்சத்தையும் பெருமளவு குறைக்கும். கார் கவர் வேணும்னா, கழுவின கார் மேல மட்டும் போடுங்க. புழுதியோட இருக்கிற கார் மேல கவரைப் போட்டா, காத்துல அது படபடன்னு அடிக்கும்போது உப்புக் காகிதம் வச்சுத் தேய்க்கிற மாதிரிதான்.

கழுவுறதுதான் முக்கியப் பொருள்

இந்தப் பகுதியை மட்டும் கேட்டாலும் போதும்.

காஞ்ச காரைத் துணியால தொடாதீங்க. முதல்ல வெறும் தண்ணி அடிச்சு புழுதியை இறக்குங்க. காலையில ஏழு மணிக்கு முன்னாடி, இல்ல சாயங்காலம், பானெட் கைக்குச் சில்லுன்னு இருக்கும்போது.

ரெண்டு பக்கெட். ஒண்ணுல கார் ஷாம்பு, ஒண்ணுல வெறும் தண்ணி. மைக்ரோஃபைபர் கையுறையை ஷாம்புல முக்கி, ரூஃப்லயிருந்து கீழ்நோக்கி ஒவ்வொரு பகுதியா துடைங்க. ஒவ்வொரு தடவையும் வெறும் தண்ணி பக்கெட்ல அலசிட்டுத்தான் திரும்ப ஷாம்புக்கு. அலசின பக்கெட்டோட அடியில மண் சேர்றதைப் பாருங்க. அது அத்தனையும் பெயிண்ட் மேல ஓடியிருக்க வேண்டிய மண். சக்கரத்துக்குத் தனித் துணி. துணி துவைக்கிற பவுடரும் பாத்திரம் விளக்குற சோப்பும் வேண்டாம், போட்ட சீலன்ட்டைச் சேர்த்து எடுத்துடும்.

கடைசி அலசலுக்கு போர் தண்ணிக்குப் பதிலா மழைத் தண்ணி சேர்த்து வச்சிருந்தா அதை ஊத்துங்க. தமிழ்நாட்ல 2003-லயே மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினாங்க, உங்க வீட்டுத் தொட்டியில இருந்தா காருக்கும் அதுதான் நல்லது. இல்லன்னா ஆர்ஓ கேன்லயிருந்து அஞ்சு லிட்டர். அதுவும் இல்லன்னா, ஈரம் காயுறதுக்குள்ள பெரிய மைக்ரோஃபைபர் துண்டால ஒத்தி எடுத்துடுங்க. ஏற்கெனவே சுண்ணாம்புக் கறை விழுந்திருந்தா, வினிகரும் தண்ணியும் சமமாக் கலந்து நிழல்ல தடவி, ஒரு நிமிஷத்துல கழுவிடுங்க.

பறவை எச்சத்துக்குக் காத்திருக்காதீங்க. டேஷ்போர்டுல ஒரு தண்ணி பாட்டில், ஒரு துணி. ஈரத்துணியை அது மேல ரெண்டு நிமிஷம் போட்டு ஊறவிட்டு, தூக்கி எடுங்க. சுரண்டக் கூடாது.

ஹைவே ஓரத்து வாட்டர் வாஷ் அவசரத்துக்குப் போகலாம். "தண்ணி மட்டும் அடிங்க அண்ணே, நானே துடைச்சுக்கிறேன்"னு சொல்லிடுங்க. காலையிலயிருந்து எத்தனை காரோட சேத்தை அந்தத் துணி துடைச்சிருக்கும்னு யாருக்கும் தெரியாது.

டெலிவரி அன்னிக்கு

ஷோரூம்ல சொல்லி வைங்க: "டெலிவரிக்கு முன்னாடி பாலிஷ் எதுவும் வேண்டாம், நாங்க வர்ற வரைக்கும் காஞ்ச துணியில துடைக்க வேண்டாம்." காரை ரூம் வெளிச்சத்துல பார்க்காதீங்க, வெயிலுக்குத் தள்ளச் சொல்லிப் பாருங்க. இல்லன்னா போன் டார்ச்சைச் சாய்ச்சு அடிங்க. யார்டுல விழுந்த கீறல் அப்பதான் தெரியும். கையெழுத்துக்கு முன்னாடி சொன்னாத்தான் அது அவங்க கீறல்.

அப்புறம் நேரா கோயிலுக்குத்தான் போவோம். பூஜை போடுங்க, எலுமிச்சம்பழம் வைங்க, யாரும் தடுக்கல. சந்தனம் குங்குமத்தை மட்டும் பானெட் பெயிண்ட் மேல வைக்காம கண்ணாடியிலயும் நம்பர் பிளேட்லயும் வைக்கச் சொல்லுங்க. சாயமும் சுண்ணாம்பும் கலந்த பொருள், வெயில்ல காய்ஞ்சா கறை பிடிக்கும். மாலை கட்டுற கம்பி முனை பெயிண்ட்ல படாம பார்த்துக்குங்க.

அப்ப செராமிக் யாருக்கு?

சிலருக்குச் சரியா வரும். ஏற்கெனவே மூடின பார்க்கிங் இருக்கு, நல்ல தண்ணி இருக்கு, கழுவுற பழக்கம் இருக்கு, காரை ஆறேழு வருஷம் வச்சிருக்கப் போறீங்க, கையில காசும் இருக்கு. போடுங்க, கழுவுற நேரம் பாதியாகும். கருப்பு மாதிரி அடர் நிறம் எடுத்தவங்களுக்கு அந்த ஆழமான பளபளப்பு பிடிக்கும். போடுற ஆள் எத்தனை மணி நேரம் காரைத் தயார் பண்றார், ரப்பிங்ல எவ்வளவு கிளியர் கோட் எடுக்கிறார், மைக்ரான் மீட்டர் வச்சு அளந்து காட்டுவாரான்னு கேளுங்க. பிராண்ட் பேரைவிட அந்தப் பதில்தான் முக்கியம். இன்னும் கலரே முடிவு பண்ணாதவங்களுக்கு ஒரு வார்த்தை: வெள்ளையும் சில்வரும் வெயில்ல குறைவாச் சுடும், புழுதியையும் கீறலையும் மறைக்கும். காசு செலவில்லாத கோட்டிங் அது.

சுருக்கமா வரிசை இதுதான். முதல்ல நிழல். அடுத்தது சரியாக் கழுவுற பழக்கம். அப்புறம் சீலன்ட். ஹைவேயில நிறைய ஓட்டுனா முன்பக்கத்துக்கு மட்டும் ஃபிலிம். இதெல்லாம் முடிஞ்சு காசு மிச்சம் இருந்தா செராமிக். ஷோரூம்ல இந்த வரிசையைத் தலைகீழாச் சொல்லுவாங்க, ஏன்னா நிழலை அவங்களால விக்க முடியாது.

உங்க ஊரு, கார் நிக்கிற இடம், தண்ணி எப்படி, தினமும் எவ்வளவு ஓட்டுறீங்க, நாலையும் எழுதி அனுப்புங்க. ஷோரூம் பட்டியலையும் சேர்த்து அனுப்புங்க, ஃபோன் நம்பரை மறைச்சுட்டு. அடுத்த எபிசோட்ல கார் இன்சூரன்ஸ்: ஷோரூம்லயே எடுக்கணுமா, வெளியில எடுக்கலாமா? அதுவரைக்கும் பார்த்து ஓட்டுங்க.